தமிழிலிருந்து ஐரிஷ் மொழிக்கு: தொடக்கநிலையினர் கேட்கும் கேள்விகள்

அயர்லாந்தில் குடியேறிய தமிழர்கள், பள்ளியில் ஐரிஷ் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர், ஆர்வத்தால் தாமாகவே கற்கத் தொடங்கியவர்கள் ஆகியோர் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். ஐரிஷ் பாடநூல்களும் செயலிகளும் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோருக்காக எழுதப்பட்டவை. அதனால் "இது விசித்திரமானது, பயப்பட வேண்டாம்" என்ற ஆறுதல் அவற்றில் பக்கத்துக்குப் பக்கம் வரும். அந்த விசித்திரங்களில் பாதி நமக்கு அன்றாட வழக்கு. ஆங்கிலத்தை நடுவில் நிறுத்தாமல் தமிழிலிருந்து நேரே ஐரிஷுக்குப் போங்கள் என்பதே நான் வலியுறுத்த விரும்புவது.

ஐரிஷ் சொற்களை ஒலிப்படி தமிழ் எழுத்தில் தருகிறேன். எழுத்துக்கூட்டல் முக்கியமான இடங்களில் ரோமன் எழுத்துகளின் பெயர்களைச் சொல்கிறேன்; பி, டி என்றால் B, D, பீ, டீ என்றால் P, T. 'ஃக' என்று எழுதினால், தொண்டையை உரசி வரும் ககரம் என்று கொள்ளுங்கள்.

ஐரிஷ் என்பது அயர்லாந்துக்காரர்கள் பேசும் ஆங்கிலம்தானே?

இல்லை. அது கெல்டிக் குடும்பத்தைச் சேர்ந்த தனி மொழி. ஸ்காட்லாந்தின் கேலிக்கும் மான் தீவின் மாங்ஸும் அதன் உடன்பிறப்புகள். வெல்ஷும் பிரெத்தோனும் சற்றுத் தூரத்து உறவு. மொழியின் பெயரை அதன் மக்கள் 'கேல்கெ' என்கிறார்கள்.

1937ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி அதுவே அயர்லாந்தின் முதல் ஆட்சிமொழி. 2007 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளில் ஒன்று. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 18.7 லட்சம் பேர் ஐரிஷ் பேசத் தெரியும் என்றார்கள். ஆனால் பள்ளிக்கு வெளியே தினமும் பேசுவோர் சுமார் 72,000 பேர்தான். இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள பள்ளம்தான் இன்றைய ஐரிஷ் மொழியின் துயரம். புதிதாக ஒருவர் வந்து கற்றுப் பேசினால் அங்குள்ளவர்கள் அவ்வளவு மகிழ்வதற்கும் அதுவே காரணம்.

எழுத்துக்கும் ஒலிப்புக்கும் சம்பந்தமே இல்லையே. மனப்பாடம்தான் வழியா?

சம்பந்தம் உண்டு, ஆங்கிலத்தைவிட ஒழுங்கான சம்பந்தம். ஆங்கிலக் கண்ணோடு படிப்பதால்தான் தடுமாறுகிறோம். பிரதமரைக் குறிக்கும் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்: டீ-ஏ-ஓ-ஐ-எஸ்-ஈ-ஏ-சி-எச். அதை 'தீஷஃக்' என்று சொல்ல வேண்டும். ஏ-ஓ-ஐ மூன்றும் சேர்ந்தால் 'ஈ'. எஸ் எழுத்துக்குப் பக்கத்தில் ஐ அல்லது ஈ இருந்தால் 'ஷ'. சொல்லிறுதியில் சி-எச் வந்தால் தொண்டை ககரம். இந்த விதிகள் அறிமுகமில்லாத சொல்லிலும் அப்படியே செல்லும்.

உயிரெழுத்துகள் கூட்டமாக நிற்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஐரிஷில் ஒவ்வொரு மெய்யும் இரண்டு வகை: அகன்றது, ஒடுங்கியது. ஒடுங்கிய மெய்யைச் சொல்லும்போது 'ய' சொல்லப் போவதுபோல நாக்கின் நடுப்பகுதி அண்ணத்தை நோக்கி எழும். அகன்ற மெய்க்கு நாக்கின் பின்பகுதி 'உ' சொல்வதுபோல எழும். எழுத்தில் இதை எப்படிக் காட்டுவது? பக்கத்து உயிரைக் கொண்டுதான். ஏ, ஓ, யு அருகில் இருந்தால் அகன்றது. ஈ, ஐ அருகில் இருந்தால் ஒடுங்கியது. ஆகவே பல உயிரெழுத்துகள் தாமாக ஒலிப்பதற்கு அல்ல, பக்கத்து மெய் எந்த வகை என்று அறிவிப்பதற்கே நிற்கின்றன. பசுவுக்கு 'போ', உயிருள்ள என்பதற்கு 'பியோ'. இரண்டிலும் 'பஸ்' என்பதில் வரும் பகரம்தான். இரண்டாவது சொல்லில் நுழைந்த ஈ, பகரத்தை ஒடுக்கிவிடுகிறது.

இந்த வேறுபாடு இலக்கணத்தையும் சுமக்கிறது. ஒரு படகு 'பாத்'. பல படகுகள் என்றால் கடைசி மெய்யை ஒடுக்கிச் சொன்னால் போதும். பன்மை விகுதி தனியாகக் கிடையாது.

தமிழ் பேசுபவருக்கு எந்த ஒலிகள் எளிது?

முதலில் தகரம். ஐரிஷின் அகன்ற டீ, அதிர்வு பெறும் அதன் இணையான டி இரண்டும் பல்லைத் தொட்டு வருபவை, அதாவது நம் 'த'. ஆங்கிலேயர்கள் இதற்குத் தனியாகப் பயிற்சி எடுக்கிறார்கள். ஆனால் தமிழர்கள் பலர் ரோமன் எழுத்தைப் பார்த்தவுடன் பழக்கத்தில் 'டா' என்று வாசித்துவிடுகிறார்கள். 'இருக்கிறது' என்பதற்கான சொல் 'தா'. ஒருபோதும் 'டா' ஆக்காதீர்கள். படகு 'பாத்' என்னும்போது கடைசியில் வருவது 'பந்து' என்பதில் உள்ள தகரம்.

இரண்டாவது, குறிலும் நெடிலும். உயிரின் மேல் இடப்படும் சாய்கோட்டை 'ஃபதா' என்பார்கள். கோடு இருந்தால் நெடில். 'மல' என்றால் புருவம், 'மால' என்றால் பை. கோட்டை விட்டுவிடுவது எழுத்துப்பிழை அளவில் நின்றுவிடாது, வேறு சொல்லாகிவிடும். படி, பாடி என்று வேறுபடுத்திப் பழகிய நமக்கு இதை விளக்கவே தேவையில்லை.

மூன்றாவது, ஞகரமும் ஙகரமும். பால் என்பதற்கு 'பஞ்ஞெ'. 'அஞ்ஞானம்' என்று சொல்லத் தெரிந்தவர் இதைச் சொல்லிவிடுவார். கால்வே நகரில் என்று சொல்ல 'இ ஙாலிவ்'. சொல்லின் முதலில் ஙகரம் வருவதைக் கண்டு மற்றவர்கள் திகைக்கிறார்கள். நமக்கு அது தனி எழுத்தாகவே நெடுங்கணக்கில் இருக்கிறது.

எவை கடினம்?

ஒடுங்கிய ரகரம். அதற்குத் தமிழில் ஈடில்லை, கேட்டுக் கேட்டுத்தான் வரும். அடுத்து, சொல்லின் தொடக்கத்தில் வல்லொலிக்கும் அதிர்வொலிக்கும் உள்ள வேறுபாடு: 'பஸ்' பகரமும் 'படம்' பகரமும் ஐரிஷில் வெவ்வேறு எழுத்துகள், வெவ்வேறு பொருள்கள். இன்னொன்று: அகன்ற லகரம் கனமாகக் கேட்பதால் அதை ளகரமாகவும், அகன்ற னகரத்தை ணகரமாகவும் ஒலிக்கத் தோன்றும். நாக்கை மடிக்க வேண்டாம். நுனி பல்லருகே இருக்கட்டும்.

நீலம் என்பதை 'கொரம்' என்கிறார்கள். எழுத்தில் அந்த இரண்டாவது அகரம் இல்லையே?

ரகரம், லகரம், னகரம் ஆகியவற்றுக்குப் பின் சில மெய்கள் வந்தால் நடுவே ஒரு சிற்றுயிர் தானாக நுழையும். பெயர் என்பதற்கான சொல் 'அனிம்', சிவப்பு 'தியரக்'. நாமும் தர்மத்தைத் தருமம் என்றும் கர்மத்தைக் கருமம் என்றும் ஆக்கியவர்கள்தானே.

எங்கு பார்த்தாலும் எச் எழுத்து இருக்கிறது. அது என்ன செய்கிறது?

முன்னால் நிற்கும் மெய்யை மென்மையாக்குகிறது. இந்த மாற்றத்துக்கு 'ஷேவ்யூ' என்று பெயர். பி-எச், எம்-எச் இரண்டும் வகரம், சி-எச் தொண்டை ககரம், பீ-எச் 'ஃப', எஸ்-எச், டீ-எச் இரண்டும் வெறும் ஹகரம், எஃப்-எச் ஒலிக்கவே ஒலிக்காது. நீவ், ஷிவான் போன்ற பெயர்கள் வகரத்தில் ஒலிப்பதற்கு இதுவே காரணம். 1960கள் வரை அச்சிடப்பட்ட பழைய ஐரிஷ் எழுத்துருவில் இந்த வேலைக்கு எச் கிடையாது. மெய்யின் தலையில் ஒரு புள்ளி வைத்தார்கள். புள்ளி வைத்த மெய் என்பது நமக்கு வேறு வேலை செய்வது, என்றாலும் அந்தப் பழைய பக்கங்களைப் பார்க்கும் தமிழ்க் கண்ணுக்கு ஒரு நெருக்கம் தோன்றத்தான் செய்கிறது. ரோமன் எழுத்துருவுக்கு மாறியபோது புள்ளி போய் எச் வந்தது. சொற்கள் நீண்டு பயமுறுத்துவதற்குப் பாதிக் காரணம் இது.

அவனுடைய, அவளுடைய, அவர்களுடைய மூன்றுக்கும் ஒரே சொல்லா? எப்படி வேறுபடுத்துவது?

ஆம், மூன்றுக்கும் 'அ' என்ற ஒரே சொல். வேறுபாடு அடுத்த சொல்லின் முதல் எழுத்தில் இருக்கிறது. இதைத்தான் எனக்கு மிகவும் பிடித்த பாடம் என்பேன், ஏனென்றால் தமிழருக்கு இதைவிட எளிதாக விளக்கக்கூடியது எதுவும் இல்லை.

பூனைக்கு ஐரிஷில் 'கத்'. அவளுடைய பூனை என்றால் 'பக்கம்' என்பதில் வரும் ககரத்தால் சொல்லுங்கள். அவனுடைய பூனை என்றால் 'மகன்' என்பதில் உரசி வரும் ககரத்தை இன்னும் அழுத்தி, 'அ ஃகத்'. அவர்களுடைய பூனை என்றால் 'தங்கம்' என்பதில் வரும் ககரம். ஒரே தமிழ் எழுத்து இடத்துக்கு இடம் மூன்று விதமாக ஒலிக்கிறது; அந்த மூன்று ஒலிகளே ஐரிஷில் அவன், அவள், அவர்கள் ஆகின்றன.

இந்தப் பொருத்தத்துக்குப் பின்னால் ஒலியியல் காரணம் இருக்கிறது. மிகப் பழங்காலத்தில் 'அவனுடைய' என்ற சொல் உயிரில் முடிந்தது. இரண்டு உயிர்களுக்கு நடுவில் மாட்டிய மெய் மென்மையானது, 'மகன்' ககரம்போல. 'அவர்களுடைய' என்பது மூக்கொலியில் முடிந்தது. அதன் பின் வந்த மெய் அதிர்வு பெற்றது, 'தங்கம்' ககரம்போல. 'அவளுடைய' என்பது ஸகரத்தில் முடிந்ததால் மெய் வலிமையாகவே நின்றது. பிறகு அந்த ஈறுகள் தேய்ந்து போயின. அவை விட்டுச்சென்ற மாற்றம் மட்டும் இலக்கணமாகத் தங்கிவிட்டது. தமிழில் காரணமும் விளைவும் இரண்டும் இன்னும் கண்முன் இருக்கின்றன. ஐரிஷில் விளைவு மட்டும் இருக்கிறது.

ஒரு சொல்லின் தொடக்கத்தில் எம்-பி, ஜி-சி என்று இரண்டு மெய்கள் நிற்கின்றனவே?

மேலே சொன்ன மூக்கொலி மாற்றம்தான் அது. பெயர் 'உரூ'. முதல் எழுத்தை மட்டும் ஒலியுங்கள்; இரண்டாவது எழுத்து மூலச் சொல் எது என்று காட்டுவதற்காக நிற்கிறது. 'சி' அதிர்வுள்ள ககரமாகவும், 'பி' மகரமாகவும், 'டி' னகரமாகவும் மாறும். ஊர்ப்பெயரில் இது அழகாகத் தெரியும்: டப்ளின் நகரின் ஐரிஷ் பெயர் பகரத்தில் தொடங்கும், டப்ளினில் என்று எழுதும்போது பெரிய பி எழுத்துக்கு முன்னால் ஒரு சிறிய எம் வந்து அமர்ந்துகொள்ளும். எழுத்துக்கூட்டலில் வேரும் தெரிகிறது, திரிபும் தெரிகிறது. தொடக்கத்தில் இடைஞ்சலாகத் தோன்றும் இந்த முறை, அகராதியைப் புரட்டத் தொடங்கியதும் எவ்வளவு உதவி என்று புரியும்.

அப்படியானால் தமிழும் ஐரிஷும் உறவா?

கிடையாது. ஐரிஷ் இந்தோ-ஐரோப்பிய மொழி, தமிழ் திராவிட மொழி. ஒத்த சூழலில் ஒலிகள் ஒத்த விதமாக மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். ஆனால் இரண்டு மொழி ஆய்வுகளுக்கும் மனிதர்கள் வழியாக உறவு உண்டு. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட ராபர்ட் கால்டுவெல் பிறந்தது அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில். பழைய ஐரிஷ் சுவடிகளைப் பதிப்பித்த டப்ளின்காரர் விட்லி ஸ்டோக்ஸ் 1862இல் சட்டப் பணிக்காகச் சென்னைக்கு வந்தவர். அவருடைய ஐரிஷ் பதிப்புகளில் சில கல்கத்தாவில் அச்சாயின.

வாக்கிய அமைப்பு எப்படி?

தமிழைத் தலைகீழாகத் திருப்புங்கள். நமக்கு வினை கடைசியில், அவர்களுக்கு முதலில். 'ஓலன் மாரெ பஞ்ஞெ' என்றால் சொல்லுக்குச் சொல் 'குடிக்கிறாள் மாரெ பால்'. 'ஷானின் வீடு' என்பது 'வீடு ஷானின்' ஆகும். பெயரடை பெயருக்குப் பின்னால் வரும். வேற்றுமை உருபுகள் நமக்குச் சொல்லின் பின்னால், அவர்களுக்குச் சொல்லின் முன்னால். கேள்விக்கு நாம் இறுதியில் 'ஆ' சேர்க்கிறோம். அவர்கள் தொடக்கத்தில் 'அன்' சேர்க்கிறார்கள்.

'இரு' என்பதற்கு இரண்டு வினைகள் என்கிறார்கள். எங்கே எது?

ஆங்கிலம் வழியாகக் கற்பவர்களை ஆண்டுக்கணக்கில் அலைக்கழிக்கும் கேள்வி இது. தமிழில் யோசித்தால் தீர்ந்துவிடும்.

'நான் ஆசிரியர்' என்கிறோம். 'இரு' அங்கே வருவதில்லை. 'நான் களைப்பாக இருக்கிறேன்' என்கிறோம், அங்கே வருகிறது. ஐரிஷிலும் பிளவு இதே இடத்தில். முதலாவது 'இஸ் மூன்தியோர் மே', இரண்டாவது 'தா மே திர்ஷஃக்'. ஒரு பெயரை இன்னொரு பெயரோடு சமன் செய்தால் 'இஸ்'. நிலை, இடம், தன்மை என்றால் 'தா'.

எதிர்மறையில் பொருத்தம் இன்னும் நெருக்கம். நான் ஆசிரியர் அல்ல: 'நீ மூன்தியோர் மே'. என்னிடம் புத்தகம் இல்லை: 'நீல் லியவர் அகம்'. அல்ல, இல்லை என்ற வேறுபாட்டைப் பள்ளியில் ஒழுங்காகக் கற்ற தமிழர் எவருக்கும் 'நீ', 'நீல்' குழப்பம் வராது. ஐயம் வரும்போதெல்லாம் அந்த வாக்கியத்தை எழுத்துத் தமிழில் எழுதிப் பாருங்கள். எல்லா இடத்திலும் அச்சாகப் பொருந்தாது என்றாலும், தொடக்கநிலைக்கு இதைவிட நம்பகமான துணை கிடைக்காது.

உடைமையைக் குறிக்கும் வினை ஐரிஷில் இல்லையாமே?

தமிழிலும் அன்றாடப் பேச்சில் அது தேவைப்படுவதில்லை. 'தா லியவர் அகம்' என்பது அப்படியே 'என்னிடம் புத்தகம் இருக்கிறது'. இந்த 'அகம்' என்பதில் 'தங்கம்' ககரம். 'என்னிடம்' என்று பொருள். 'உன்னிடம்' என்பதற்கு 'அகத்'. இடைச்சொல்லும் பிரதிப்பெயரும் ஒன்றாக ஒட்டி ஒரே சொல்லாகிவிடுகின்றன, 'என்னிடம்' ஒரே சொல்லாக இருப்பதுபோல. மொழி அறிவையும் இப்படியே சொல்வார்கள்: 'தா கேல்கெ அகம்', எனக்கு ஐரிஷ் தெரியும்.

உணர்ச்சிகள் ஆள்மேல் வந்து உட்காரும். 'தா ஒக்ரஸ் ஒரம்': என்மேல் பசி இருக்கிறது. 'எனக்குப் பசிக்கிறது' என்று சொல்லும் நாமும் பசியைச் செய்பவராக நம்மைக் காட்டிக்கொள்வதில்லை. விருப்பமும் அப்படியே: 'இஸ் மா லியும் தே', எனக்குத் தேநீர் பிடிக்கும்.

ஆம், இல்லை என்பதற்குச் சொற்கள்?

பொதுவான சொற்கள் இல்லை. வினையைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஷான் வந்தானா?" என்றால் 'அர் ஹானிக் ஷான்?', பதில் 'ஹானிக்', வந்தான். வரவில்லை என்றால் 'நீர் ஹானிக்'. நம் வீடுகளிலும் "சாப்பிட்டாயா?" என்றால் "சாப்பிட்டேன்" என்பதுதானே இயல்பான பதில்.

வினைச்சொற்கள் எவ்வளவு கடினம்?

எதிர்பார்ப்பதைவிடக் குறைவு. ஒழுங்கற்ற வினைகள் 11 மட்டுமே. அகராதியில் தருவது ஏவல் வடிவம்: 'ப்ரிஷ்' என்றால் உடை. நிகழ்காலம் 'ப்ரிஷன்', எதிர்காலம் 'ப்ரிஷி', இறந்தகாலத்துக்கு முதல் மெய்யை மென்மையாக்கி 'வ்ரிஷ்'. அந்த 11 வினைகளையும் முதல் சில வாரங்களிலேயே படித்துவிடுங்கள். வா, போ, பார், கேள், சொல், செய், சாப்பிடு எல்லாம் அந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன. ஒத்திப்போட்டால் ஒரு வாக்கியமும் பேச முடியாது.

பால் பாகுபாடு?

இங்கே தமிழ் உதவாது. ஒவ்வொரு பெயரும் ஆண்பால் அல்லது பெண்பால். மேசை ஆண், சன்னல் பெண். சிறுமியைக் குறிக்கும் 'கலீன்' இலக்கணத்தில் ஆண்பால். பெண்பால் பெயருக்கு முன் 'அந்த' என்று சுட்டும் 'அன்' (கேள்விச் சொல்லான 'அன்' வேறு) வந்தால் முதல் மெய் மென்மையாகும்: 'பியன்' ஒரு பெண், 'அன் வியன்' அந்தப் பெண். புதிய பெயர்ச்சொல்லைத் தனியாகப் படிக்காமல் 'அன்' சேர்த்தே படியுங்கள்.

எண்கள்?

எண்ணுக்குப் பின் பெரும்பாலும் ஒருமையே வரும். இரண்டு முதல் ஆறு வரை மென்மையாகும், ஏழு முதல் பத்து வரை மூக்கொலி பெறும்: 'த்ரீ வாத்' மூன்று படகு, 'ஷஃக்த் மாத்' ஏழு படகு. மனிதர்களை எண்ணத் தனி வரிசை உண்டு. 'பெர்த்' இருவர், 'த்ரூர்' மூவர், 'கெஹ்ரர்' நால்வர். இதை விசித்திரப் பட்டியலில் சேர்க்கும் பாடநூலை மூடிவைத்துவிட்டு, ஒருவர், இருவர், மூவர் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

எந்த வட்டார வழக்கைக் கற்பது?

வடக்கே அல்ஸ்டர், மேற்கே கொனாக்ட், தெற்கே மன்ஸ்டர் என மூன்று. பள்ளிகளும் அரசும் 1958இல் வெளியான பொது எழுத்துமுறையைப் பின்பற்றுகின்றன. அது எழுத்துக்கான தரம், உச்சரிப்புக்கு அல்ல. "எப்படி இருக்கிறீர்கள்?" என்பதே மூன்று விதம்: வடக்கில் 'கஜே மர தா து', மேற்கில் 'கே ஃகீ வில் து', தெற்கில் 'கொனஸ் தா து'. உங்கள் ஆசிரியரோ அண்டை வீட்டாரோ எதைப் பேசுகிறார்களோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் இல்லாவிட்டால் எனது பரிந்துரை கொனாக்ட். கேட்பதற்கான ஒலிப்பதிவுகள் நிறைய. ஒன்றைத் தேர்ந்தபின் ஓராண்டாவது அதிலேயே இருங்கள். தியங்லன் என்னும் இணைய அகராதியில் பல சொற்களை மூன்று வழக்கிலும் கேட்கலாம். 1972இல் தொடங்கிய ஐரிஷ் வானொலியும் 1996இல் தொடங்கிய தொலைக்காட்சியும் இணையத்தில் கிடைக்கின்றன. டியோலிங்கோ சொற்களைப் பழக உதவும். ஒலிப்புக்கு அதை மட்டும் நம்பாதீர்கள்.

என் பிள்ளை பள்ளியில் ஐரிஷ் படிக்கிறது. எனக்கு ஒன்றும் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?

முதலில், விலக்கு கேட்க அவசரப்படாதீர்கள். வளர்ந்த பிறகு வெளிநாட்டிலிருந்து வந்து சேரும் மாணவர்களுக்கு அதற்கு வழி உண்டு என்றாலும், சிறு வயதில் தொடங்கும் பிள்ளை எளிதாகக் கற்றுவிடும். வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைக்கு இன்னும் எளிது.

பிறகு, பிள்ளை தினமும் பள்ளியில் சொல்லும் ஒரு வாக்கியத்தைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அயர்லாந்தில் படித்த எவருக்கும் அது மறக்காது: 'அன் வில் கியத் அகம் துல் கு தீ அன் லெஹ்ரஸ்?' கழிவறைக்குப் போகலாமா என்று ஆசிரியரிடம் அனுமதி கேட்பது. 'அன்' கேள்விச் சொல். 'வில்' என்பது 'தா'வின் கேள்வி வடிவம்; எழுத்தில் பி-எச்-எஃப் என்று மூன்று மெய்களோடு தொடங்கினாலும் ஒலிப்பது வகரம் ஒன்றே. 'கியத்' அனுமதி. 'அகம்' என்னிடம். ஆக முதல் பாதி, 'இருக்கிறதா அனுமதி என்னிடம்'. 'துல்' போவது, 'கு தீ' வரை, 'அன் லெஹ்ரஸ்' கழிவறை. 'அகம்' இருக்கும் இடத்தில் 'அகத்', 'அனுமதி' இருக்கும் இடத்தில் 'லியவர்', 'பஞ்ஞெ', 'தே' என்று மாற்றி மாற்றி உணவு மேசையில் கேட்டுக்கொள்ளுங்கள். 'தா' அல்லது 'நீல்' என்று பதில் சொல்லுங்கள். கழிவறைக் கதவுகளில் 'ஃபிர்' என்றிருந்தால் ஆண்கள், 'ம்னா' என்றிருந்தால் பெண்கள். எம், எஃப் எழுத்துகளை ஆங்கிலப்படி வாசித்து உள்ளே போய்விடாதீர்கள்.